புதுச் சாமான் போட்டும் வண்டி இழுக்குதா?

வாசகர் கேள்விகளுக்கு மதுரைப் பட்டறைக்காரர் ஒருவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். பழைய வண்டியின் சஸ்பென்ஷனைப் பிரித்து, புதுச் சாமான் போட்டு மாட்டியாச்சு. கடகட சத்தம் போச்சு, ஆனால் ஸ்டியரிங்கில் புதுசாக ஒரு வம்பு. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'எந்தச் சாமானை மாற்றணும்' என்று கேட்பதற்கு முன்னால், வண்டி அதை எப்போது செய்கிறது என்று எழுதுங்கள். நேரே போகும்போதா, பிரேக்கை மிதிக்கும்போதா, வளைவை விட்டு வெளியே வரும்போதா, பள்ளத்தில் இறங்கி ஏறும்போதா, ஆள் ஏற்றியிருக்கும்போதா, காலியாகவா. அது தெரிந்தால் வண்டியைப் பார்க்காமலே பாதி தூரம் போய்விடலாம்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1986 மாடல் பத்மினி கார் இருக்கிறது. அப்பா வாங்கியது. முன்பக்கம் முழுக்க வேலை பார்த்தேன். கிங் பின் செட், ஆர்ம் புஷ், சுருள் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டை ராடு எண்டு எல்லாமே புதுசு. இப்போது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டியரிங் கனமாகிவிட்டது. வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வருவதில்லை, நான்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ரிங் ரோட்டில் 60-க்கு மேல் போனால் இடதும் வலதுமாகத் திருத்திக்கொண்டே போகணும். இரண்டு கடைகளில் அலைன்மென்ட் பார்த்துவிட்டேன், எல்லாம் பச்சையில்தான் காட்டுகிறது. ஸ்டியரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— திருநகர் வாசகர்

பதில்: வேண்டாம். பத்மினி உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு 'புதுசு' என்று கையில் தருகிற பாக்ஸ் பல சமயம் பழசைக் கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்ததாகத்தான் இருக்கும். உங்கள் வண்டியோடு வந்த பாக்ஸ் அதைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முன்சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சுத் தண்டுதான் கிங் பின். அதன் மேல்நுனி கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், தள்ளுகிற திசைக்குத் தானாகத் திரும்பி நிற்கிறதல்லவா, அந்த வேலையைத்தான் முன்சக்கரத்தில் காஸ்டர் செய்கிறது. மூக்கு தூக்கினால் வண்டி மொத்தமும் பின்னால் சாய்கிறது, காஸ்டர் கூடுகிறது. பத்மினியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் உள்ள தூரம், 2340 மி.மீ. முன்பக்கம் 40 மி.மீ. உயர்ந்தால் ஏறக்குறைய 1 டிகிரி கூடும். காஸ்டர் கூடினால் ஸ்டியரிங் கனமாகும், சரி. ஆனால் விட்டதும் முன்னைவிட வேகமாக நேருக்கு ஓடி வரணும். உங்கள் ஸ்டியரிங் கனமாகவும் இருக்கிறது, நேருக்கு வரவும் மாட்டேன் என்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கோணத்தைச் சந்தேகிப்பதில் பிரயோஜனம் இல்லை. எங்கோ பிடிக்கிறது. கம்ப்யூட்டர் கோணத்தை அளக்கும், பிடிப்பை அளக்காது. அதனால்தான் இரண்டு கடையிலும் பச்சை.

ரிங் ரோட்டில் அலைவதும் இதனால்தான். நேரே ஓடும் வண்டியில் சின்னச் சின்னத் திருத்தங்களைச் சக்கரம் தானே செய்துகொள்ளும். பிடிப்பு இருந்தால் நீங்கள் விட்ட இடத்திலேயே நின்றுவிடும். அப்புறம் அந்தத் திருத்தம் எல்லாம் உங்கள் கைக்கு வேலை.

எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லையும் முட்டுக் கொடுக்க வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதும் கனமாகவே இருந்தால், டயரும் ரோடும் குற்றவாளி இல்லை. அடுத்து, இரண்டு பக்கமும் டை ராடு எண்டை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் நுனி) ஹப் பக்கம் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஒரு கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். ஒரே சீராக, லேசான கனத்தோடு போகணும். நடுவில் எங்காவது இறுகினால் கோளாறு கிங் பின்னில். சக்கரம் இரண்டும் நன்றாகச் சுற்றி, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் கனம் தெரிந்தால் பாக்ஸ், ஐட்லர் ஆர்ம் (நடு ராடின் மறுமுனையைத் தாங்கும் கை), ஸ்டியரிங் காலம் (வீலிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டு) இந்த மூன்றில் ஒன்று. நடு ராடையும் கழற்றிவிட்டால் அந்த மூன்றையும் தனித்தனியாகக் கையால் தொட்டே சொல்லிவிடலாம்.

என் பந்தயம் கிங் பின் மேல்தான். புது செட்டில் வருகிற வெண்கல புஷ்ஷை அடித்து இறக்கியதும் உள்ளளவு கொஞ்சம் சுருங்கும். அதை ரீமர் (துளையை நுணுக்கமாகக் கடையும் கருவி) போட்டுச் சரிசெய்யணும். மேல் புஷ், கீழ் புஷ் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வர, இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கடையும் நீள ரீமர் வேண்டும். அவசரத்துக்குக் குட்டை ரீமரை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை விட்டால், தனித்தனியாகப் பார்க்கும்போது கிங் பின் அழகாக உட்காரும்; இரண்டிலும் சேர்த்து விட்டால் பிடிக்கும். 'ஓட ஓடச் சரியாயிடும்' என்பார்கள். ஓட ஓட அது கடித்து வரி விழும். வெடு வெடுவென்று சுத்தியலால் அடித்து இறக்கிய பின்னாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லேத் பட்டறைக்குத் திரும்பக் கொண்டு போங்கள். எண்ணெய் தடவிய கிங் பின், கட்டைவிரல் அழுத்தத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கணும், விட்டால் பொத்தென்று விழவும் கூடாது. புஷ்ஷில் உள்ள கிரீஸ் ஓட்டை நிப்பிள் ஓட்டைக்கு நேரே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாள் கிரீஸ் அடித்தும் உள்ளே ஒரு சொட்டு போகாத கிங் பின்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தூக்கியே இருக்கட்டும். எடை இறங்கிய நிலையில் அடித்தால் தாங்கும் வாஷர் பக்கம் கிரீஸ் போகாது, மற்ற வழியில் பிதுங்கிவிடும்.

பாக்ஸ் மேல் ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு, ஆனால் அது தேய்மானம் அல்ல. ஆட்டத்தை எடுக்கிறேன் என்று யாராவது மேலே உள்ள ஸ்க்ரூவை இறுக்கியிருப்பார்கள். பத்மினியின் பாக்ஸ் வார்ம் ரகம். நேராக ஓடும் இடத்தில்தான் அதிகம் தேயும். அதனால் நடுவில் ஆட்டம், ஓரங்களில் இறுக்கம் என்பது பழைய பாக்ஸின் இயல்பு. நடு ஆட்டத்தை முழுசாக எடுத்தால் ஓரத்தில் இறுகும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, விளிம்பில் ஒரு விரல் அகலம் ஆட்டம் இருக்கட்டும். இன்னொன்று, பாக்ஸை சேஸிஸில் இறுக்கிய பிறகு ஸ்டியரிங் காலத்தை டாஷ் பக்கம் இழுத்து வளைத்து போல்ட் போட்டிருந்தாலும் பிடிக்கும். டாஷ் பக்கக் கிளாம்பை லூஸ் பண்ணிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். திடீரென்று லேசானால் விஷயம் அவ்வளவுதான், அடியில் ஒரு வாஷர் வைத்துச் சரிசெய்துவிடலாம்.

இனி மூக்கு. புது ஸ்பிரிங் கொஞ்சம் உயரமாகத்தான் நிற்கும், சில நூறு கிலோமீட்டரில் சற்று அமரும். ஆனால் உங்கள் வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர். இந்த ரப்பர் புஷ் சுற்றிச் சுழல்வதில்லை. உள்குழாயை போல்ட் கவ்விக்கொள்ளும், வெளிப்பக்கம் ஆர்மோடு நிற்கும், நடுவில் ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே அந்த போல்ட்டை இறுக்கினால், தொங்குகிற நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை. தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கேறி, வண்டியை மேலே தள்ளிக்கொண்டே நிற்கும். ஸ்பிரிங்குக்குத் துணையாக இன்னொரு ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். சவாரி முரடாகும், புஷ் சீக்கிரம் கிழியும். மதுரை வெயிலில் நாள் முழுக்க வெளியே நிற்கும் வண்டியில் இன்னும் சீக்கிரம்.

சரிசெய்ய ஒரு காசு செலவில்லை. குழி உள்ள பட்டறையில் நான்கு சக்கரமும் தரையில் நிற்க, எல்லா ஆர்ம் போல்ட்டையும் அரை சுற்று, ஒரு சுற்று தளர்த்துங்கள். முன் பம்பரில் ஆள் ஏறி நாலைந்து தடவை அழுத்தி விடட்டும். வண்டியை ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் தள்ளுங்கள். முன் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து, அந்த நிலையிலேயே இறுக்குங்கள். இதைச் செய்ததும் மூக்கு கண்ணெதிரே இறங்கும் வண்டிகள் உண்டு. இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங்கின் அடிநுனி அதன் படியில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அதற்கும் பிறகுதான் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கணும். கேஸ் கட்டிங் வைத்து ஒரு சுற்று அறுத்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள், சூடு பட்ட கம்பி பிறகு ஸ்பிரிங்காக வேலை செய்யாது.

இவ்வளவும் முடித்து, உயரம் சரியான பிறகுதான் அலைன்மென்ட். உயரம் மாறினால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்வது), காஸ்டர், டோ (இரண்டு முன்சக்கரமும் முன்னால் நெருங்கியோ விலகியோ நிற்பது) மூன்றும் மாறும். அதனால் முதலில் பார்த்த இரண்டு அலைன்மென்ட் காசும் வீண்தான்.

கேள்வி: அண்ணே, பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒரு மாருதி 800 வைத்திருக்கிறேன். முன்பக்கம் இரண்டு ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் புஷ் எல்லாம் மாற்றினேன். இப்போது உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரும்போது இடது பக்கமே இழுக்கிறது. ஸ்டியரிங்கும் கோணலாக நிற்கிறது. மெக்கானிக் ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்கிறார். டயர் புதுசு.
— உசிலம்பட்டி ஆசிரியை

பதில்: ஸ்டியரிங் வீலைத் தொட விடாதீர்கள் தங்கச்சி. ஸ்டியரிங்கின் பல்சட்டமான ரேக்கின் நடுவும் வீலின் நடுவும் ஒன்றாக இருக்கணும். வீலைப் பிடுங்கி ஒரு பல் தள்ளி மாட்டினால் கண்ணுக்கு நேராகும், ஆனால் ஒரு பக்கம் சட்டென்று திரும்பும், மறுபக்கம் யூ டர்னில் இடம் போதாது. டை ராடில்தான் திருத்தணும். ஒரு பக்கம் எவ்வளவு உள்ளே விடுகிறாரோ அதே அளவு மறுபக்கம் வெளியே எடுக்கணும், அப்போதுதான் டோ கெடாது.

இழுப்புக்கு வருவோம். முதல் கேள்வி, உண்மையிலேயே இழுக்கிறதா? மழைத் தண்ணீர் வடிய ரோட்டை ஓரம் சரித்துத்தான் போடுவார்கள். நாம் இடது ஓரம் போகிறவர்கள், எந்த வண்டியும் கையை விட்டால் மெதுவாக இடப்பக்கம் சரியும். தெரிந்தவர்களின் நல்ல வண்டி ஒன்றை அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதைவிட உங்களுடையது அதிகம் இழுத்தால் மேலே படியுங்கள்.

புது டயர் என்பதால் டயரை விட்டுவிட முடியாது. ரேடியல் டயரில் உள்ளே பட்டை ஒரு ஓரம் சரிந்து செய்யப்பட்டிருந்தால், புதுசிலேயே இழுக்கும். முன்பக்க டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் டயர்தான், கடையில் திருப்பிக் கேட்கலாம். திசையில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம், முன்னதைப் பின்னால் மாற்றிப் பாருங்கள். அடுத்து, பிரேக் அதிகம் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரத் தகட்டின் நடுவிலும் கையை அருகே கொண்டுபோங்கள். இடது மட்டும் அனல் அடித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது. பழைய பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தால் ஆயில் போகும், திரும்பாது.

இரண்டும் இல்லை என்றால் ஸ்டெபிலைசர் பார். மாருதி 800-ல் அது வெறும் சாய்வைக் குறைக்கும் கம்பி இல்லை. லோயர் ஆர்மை முன்னும் பின்னும் போகாமல் பிடித்து வைப்பதும் அதுதான். அதன் நுனியில் புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் வருகிற கிண்ண வாஷரை ஒரு பக்கம் திருப்பிப் போட்டாலோ, ஒரு பக்க நட்டை மட்டும் அதிகம் இறுக்கினாலோ, அந்தச் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னே பின்னே போய்விடும். இடது, வலது காஸ்டர் வித்தியாசப்படும். காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். டேப் எடுத்து, ஸ்டியரிங் நேராக இருக்க, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். புத்தகப்படி 2175 மி.மீ. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். இடது குறைவாக வந்தால் உங்கள் மெக்கானிக்கிடம் வாஷரைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, யாரையாவது ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, நீங்கள் சுருள் ஸ்பிரிங்கின் மேல் விரலை வையுங்கள். நழுவாமல் கூடவே சுற்றணும். கொஞ்ச தூரம் நின்று, பிறகு டொங்கென்று துள்ளினால் மேல் மவுண்டின் பேரிங் இறுகிக் கிடக்கிறது. ஸ்ட்ரட் மாற்றும்போது பலரும் அந்தப் பேரிங்கைப் பழசையே போட்டுவிடுவார்கள்.

கேள்வி: நத்தம் பக்கம் மாந்தோப்பு. காய் ஏற்ற ஒரு மஹிந்திரா ஜீப் இருக்கிறது. பாரம் தாங்கட்டும் என்று பின்பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) பிரித்து கூடுதல் பட்டை சேர்த்தேன். அதிலிருந்து காலியாகத் திரும்பும்போது, 50 வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விட்டாலும் முன்சக்கரம் உதற ஆரம்பிக்கிறது, ஸ்டியரிங் கையை உடைத்துவிடும் போல ஆடுகிறது. காய் ஏற்றிப் போகும்போது ஒன்றும் இல்லை. ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) போடச் சொல்கிறார்கள்.

பதில்: இப்படித்தான் கடிதம் எழுதணும். 'காலியாகத் திரும்பும்போது மட்டும்' என்ற மூன்று சொல்லில் பாதி வேலை முடிந்தது.

கூடுதல் பட்டையால் காலி வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கிறது. திருநகர்க்காரருக்கு நடந்ததற்கு நேர் எதிர். வண்டி முன்னால் சாய்கிறது, காஸ்டர் குறைகிறது. சுமார் 2300 மி.மீ. வீல்பேஸ் உள்ள ஜீப்பில் பின்பக்கம் 3 அங்குலம் உயர்ந்தால் ஏறக்குறைய 2 டிகிரி போய்விடும். இந்த ஜீப்களுக்கு மொத்தமே 3 டிகிரி அளவில்தான் காஸ்டர். காய் ஏற்றியதும் பின்பக்கம் அமர்ந்து, காஸ்டர் திரும்ப வந்துவிடுகிறது, உதறலும் இல்லை.

ஆனால் காஸ்டர் குறைவு மட்டும் உதறலைக் கொண்டுவராது. எங்கோ ஆட்டமும் இருந்தாகணும். முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். ஜீப்பின் கிங் பின்னில் கூம்பு பேரிங்தான், சிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எடுத்து இறுக்கம் கொடுக்கலாம். கொஞ்சம் இழுத்தால்தான் திரும்பணும் என்ற அளவுக்கு அங்கே இறுக்கம் தேவை, அதுதான் உதறலை அடக்குவது. டை ராடு எண்டு, ட்ராக் லிங்க், பட்டை புஷ், ஷேக்கிள் எல்லாவற்றையும் இன்ஜின் ஓடாத நிலையில் ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் வேகமாக அசைக்க, நீங்கள் அடியில் கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

காஸ்டருக்கு, முன் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவச் சிம் வைக்கலாம். எந்தப் பக்கம் தடிமன் என்று குழம்பாமல், கிங் பின்னின் மேல்நுனி பின்பக்கம் சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதோடு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கோணமும் மாறும், நாலு வீல் போடும் வண்டி என்றால் அதிகம் சாய்க்காதீர்கள். என்னைக் கேட்டால், ஒரு பட்டையை எடுத்துவிட்டு ஒரு நடை கூடப் போய்வருவதே மேல்.

டேம்பர் உதறலை மூடி மறைக்கும். அது தேயும் நாளில் உதறல் திரும்ப வரும், அதற்குள் மற்றதெல்லாம் இன்னும் தேய்ந்திருக்கும். இடையில் உதறல் வந்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவாகப் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறையுங்கள். கட்டைவிரலை வீலின் ஆரத்துக்குள் விடாதீர்கள்.

கேள்வி: அம்பாஸடரின் பின்பட்டைக்கு வளைவு ஏற்றி மாட்டினேன். அன்றிலிருந்து பின்னால் வருகிறவர்கள் எல்லாம் 'வண்டி கோணலாகப் போகுது' என்கிறார்கள். முன்பக்கத்தில் கை வைக்கவே இல்லை.
— மேலூர் வாசகர்

பதில்: பின்னால் வருகிறவர்கள் சொல்வது சரிதான். பின் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. பட்டையின் நடுவில் உள்ள சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸில் பேடின் ஓட்டையில் உட்காரணும். உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்க, அதன் மேல் யு போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். அல்லது சென்டர் போல்ட்டே உடைந்திருக்கும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டை நான்கு ஹப்பின் நடுவிலிருந்தும் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு அளங்கள். இரண்டு பக்கமும் 2464 மி.மீ.க்குப் பக்கத்தில், ஒன்றாக வரணும். மூலைக்கு மூலை அளவும் ஒத்துப்போகணும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் பட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

முன்பக்க டோவை மாற்றி ஸ்டியரிங்கை நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின் ஆக்ஸில் காட்டுகிற திசைக்குத்தான் வண்டி போகும். யு போல்ட்டை இறுக்கிய பிறகு ஒரு திருமங்கலம் போய்வந்து, மறுபடி ஒரு இறுக்கு இறுக்குங்கள், வளைவு ஏற்றிய பட்டை அமர்ந்து லூஸ் கொடுக்கும்.

கேள்வி: பழைய வண்டிக்கு நூல் கட்டிப் பார்க்கும் அலைன்மென்ட் போதுமா?
— வண்டியூர் வாசகர்

பதில்: டோவுக்குத் தாராளமாகப் போதும். கேம்பர், காஸ்டருக்குப் போதாது. வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில், வண்டிக்கு இணையாக நூல் கட்டி, முன்சக்கர ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை அளங்கள். முன் ஓரம் உள்ளே போயிருந்தால் டோ இன். 13 அங்குல ரிம்மில் 1 டிகிரி என்பது ஏறக்குறைய 6 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கம்பெனி அளவோடு ஒப்பிடலாம். சக்கரத்தின் அடியில் கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வையுங்கள், இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும்.

நூலைவிட முதலில் டயரைத் தடவுங்கள். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குக் கை வழுவழுப்பாகப் போய், உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பப் பல் போல் உறுத்தினால் டோ இன் அதிகம். எதிர்த்திசையில் உறுத்தினால் டோ அவுட். டோ அவுட் வண்டி நேரே நிற்காமல் துறுதுறுவென்று அலையும்.

கேள்வி: புது ஷாக் அப்சார்பர் போட்ட பிறகு சின்ன மேட்டில்கூடத் தூக்கிப் போடுகிறது. ஷாக் தரமில்லையா?
— சிம்மக்கல் வாசகர்

பதில்: டயரில் காற்று எவ்வளவு என்று எழுதவில்லை. பெட்ரோல் பங்கில் கேட்காமலே ஏற்றிவிடுவார்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்படியும் தூக்கிப் போட்டால் எந்த வண்டி, எந்த ஷாக் என்று எழுதுங்கள்.